வாயைத் திறக்காதே

அன்று காலை நான் ஒரு விடுதியின் கொல்லையில், இடுப்புயரக் கழுநீர்த் தொட்டிக்குள் தலையை விட்டு அடிமண்டியை வழித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இதைச் சொல்ல இன்றைக்கு உயிரோடு இருக்கிறேன். ஊரின் மேற்கு ஓரம், கோயி மலையடிவாரத்தில் இருந்த அந்த விடுதிக்காரி மகா கஞ்சம். போர் முற்ற முற்ற அவள் கழுநீரில் ஒரு சோற்றுப் பருக்கைகூட மிதப்பதில்லை. மீன் முள்ளும் கிழங்குத் தோலும்தான். "இதைத் தின்னு எந்தப் பன்னி உடம்பு வைக்கும்?" என்று தொட்டிக்குள்ளேயே திட்டிக்கொண்டிருந்தபோது உட்புறம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. மண்டியில் கிடந்த ஒவ்வொரு முள்ளும் தனித்தனியாகத் தெரிந்தது. அடுத்த கணம் யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்ததுபோல் தொட்டியோடு சேர்ந்து உருண்டு கல்மதிலில் போய் மோதினேன்.

வெளியே வந்தபோது விடுதி இல்லை. கூரை ஓடும் மரமும் குவிந்து கிடந்தன. விடுதிக்காரி அந்தக் குவியலைச் சுற்றிக்கொண்டு வந்தாள். சமையலறைச் சன்னலுக்கு எதிரே நின்றிருப்பாள் போலிருக்கிறது, முகத்திலும் கழுத்திலும் கண்ணாடித் துண்டுகள் செருகி நின்றன. "என் தொட்டி உடஞ்சிருச்சா?" என்று கேட்டாள். "தொட்டிய விடுங்கம்மா, இப்படி உக்காருங்க" என்று கழுத்தில் இருந்த பெரிய துண்டைப் பிடித்து இழுத்தேன். இழுத்திருக்கக் கூடாது. அதுதான் ரத்தத்தை அடைத்துக்கொண்டிருந்தது என்று எனக்கு யார் சொன்னார்கள்? அவள் என் மடியில் சாய்ந்து, சூடாக என் தொடையெல்லாம் நனைத்து, கொஞ்ச நேரத்தில் கனத்துப் போனாள். என் முதுகிலும் கண்ணாடி குத்தியிருந்தது. அதை நான் தொடவில்லை.

என் பெயர் ஒக்புன். அந்த ஊர்க்காரர்களுக்குத் தமாகோ. பத்து வயதில் சித்தப்பாவோடு கொரியாவிலிருந்து கப்பலேறி ஹிரோஷிமாவுக்கு வந்தவள். அப்போது எனக்கு இருபத்தாறு. அந்த ஊர்ப் பேச்சு என் நாக்கில் அந்த ஊர்க்காரர்களைவிட நன்றாகவே ஒட்டியிருந்தது. அங்கத்து மீன்காரிகள் திட்டுவதைப் போலவே எனக்கும் திட்ட வரும். புருஷன் தெற்கே நிலக்கரிச் சுரங்கத்தில். வீட்டில் நான், நான்கு பன்றிகள், கொழுந்தன் துசிக். துசிக்கைப் போன குளிர்காலத்தில்தான் ஹாப்சோன் பக்கத்து எங்கள் கிராமத்திலிருந்து கட்டாய வேலைக்குப் பிடித்து வந்திருந்தார்கள். குண்டு விழுந்தால் தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்து வெட்டவெளியாக்குவார்களே, அந்தக் கும்பலில் கயிறு இழுப்பான். இருபத்திரண்டு வயது, எருது மாதிரி தோள், குழந்தை மாதிரி சிரிப்பு. ஜப்பானியப் பேச்சு மட்டும் அவன் வாய்க்குள் நுழையவே இல்லை. இரண்டு வார்த்தை பேசினால் போதும், எதிரில் நிற்பவன் ஏளனமாகச் சிரித்து, "எந்த ஊருடா நீ?" என்பான். மாமியாரிடம் நான் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன், இவனை முழுசாகத் திருப்பி அனுப்புகிறேன் என்று.

கழுநீர் ஏற்றிப் போகும் என் கைவண்டியைத் தூக்கி நிறுத்தினேன். இரும்புப் பட்டை போட்ட சக்கரம், ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்த கழுநீர்ப் பீப்பாயைக் கவிழ்த்துவிட்டு ஊருக்குள் இழுத்தேன். எதிரே ஊரே மலையை நோக்கி வந்தது. முதலில் ஏதோ கந்தலைக் கைகளில் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறார்கள் என்று நினைத்தேன். அருகே வந்தபோதுதான் அது அவர்கள் தோல் என்று புரிந்தது. கைகள் உடம்பில் பட்டால் எரிகிறதென்று முன்னால் நீட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் இடிக்காமல், வரிசையில் நிற்கிறவர்கள்போல மரியாதையாக வந்தார்கள். ஆணா பெண்ணா தெரியவில்லை. "அந்தப் பக்கம் போகாதீங்கம்மா. அங்க ஒண்ணுமே இல்ல" என்று ஒரு குரல் என்னைத் தாண்டிப் போனது. கறுப்பாக மழை பெய்தது. எண்ணெய் மாதிரி வழவழப்பு. வாயைப் பிளந்துகொண்டு நின்று அதைக் குடித்தவர்களையும் பார்த்தேன்.

எங்கள் தெரு படுத்துவிட்டிருந்தது. கொட்டகை எரிந்து மூன்று பன்றிகள் சுருண்டு கிடந்தன. நான்காவது, முதுகு முழுக்க வெந்து, கத்திக்கொண்டே வட்டமாகச் சுற்றியது. கழுநீர் அள்ளும் நீளக்காம்பு இரும்பு அகப்பையால் அதன் நெற்றியில் ஓங்கி அடித்தேன். மூன்று அடி வேண்டியிருந்தது. அழுதுகொண்டேதான் அடித்தேன். அதற்குச் சோறு போட்டவள் நான்.

"பன்னிக்கு அழுதது போதும். இங்க மனுஷி கெடக்கேன்."

கமேதானி அம்மாள். எங்கள் தெருச் சங்கத்தின் தலைவி, ரேஷன் பங்கு போடுகிறவள், வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றும் தீயணைப்புப் பயிற்சியில் ஊதல் ஊதுகிறவள். கொரியாக்காரி என்றாலே பூண்டு நாற்றம் என்று சொல்லி ஒவ்வொரு பயிற்சியிலும் என்னை வரிசையின் கடைசியில் நிறுத்துவாள். மகன் தென்கடல் போர்முனையில். இப்போது கூரை உத்தரம் அவள் தொடையின் குறுக்கே கிடந்தது. பக்கத்து வீட்டுத் தீ அந்த உத்தரத்தின் மறுமுனையை நக்க ஆரம்பித்திருந்தது.

விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவும் நினைத்தேன். ஏன் போகவில்லை என்று கேட்டால் அவ்வளவு அதிகாரமாக ஒருத்தி கூப்பிட்டால் நம் கால் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். அகப்பைக் காம்பை உத்தரத்துக்கு அடியில் நுழைத்து நெம்பினேன். அது விரல் அளவு எழும்பியது. அக்குளில் கை கொடுத்து இழுத்தபோது அவள் கை என் பிடியில் வழுக்கியது. தோல் என்னோடு வந்துவிட்டது, அவள் வரவில்லை. இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த துணியைப் பிடித்து மறுபடி இழுத்தேன். முழங்காலுக்கு மேலே எலும்பு வெளியே துருத்தி நின்றது.

"மெதுவா, மெதுவா! பயிற்சியில என்ன சொல்லிக் குடுத்தேன்?"

"பயிற்சியில நான் கடைசியில நின்னேன். எனக்கு ஒண்ணும் காதுல விழல" என்றேன்.

அவளை வண்டியில் போட்டேன். கழுநீர் வாடைக்கு மூக்கைச் சுளித்தாள். அந்தக் கோலத்திலும் சுளித்தாள்! அவளை எனக்கு அப்போது கொஞ்சம் பிடித்துப்போனது.

ஆற்றின் கீழ்ப்பக்கம் ராணுவப் படகுகள் வருகின்றன, விரிகுடாவில் இருக்கும் தீவுக்குக் கொண்டுபோகிறார்கள், அங்கே டாக்டரும் மருந்தும் உண்டு என்று கரையோரம் போகிறவர்கள் சொன்னார்கள். துசிக்கின் கும்பல் அன்றைக்கு அந்தக் கரையில்தான் வீடு இடிக்கப் போயிருந்தது. வண்டியை அங்கே திருப்பினேன். படித்துறை ஒவ்வொன்றிலும் ஆட்கள் அடுக்காகக் கிடந்தார்கள். தண்ணீருக்குள் கழுத்தளவு இறங்கியவர்கள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்க, செத்தவர்கள் அவர்கள் தலைகளுக்கு நடுவே முட்டிக்கொண்டு போனார்கள். முகங்கள் எல்லாம் ஒன்றுபோல ஊதிக் கிடந்தன. இதில் யாரைக் கண்டுபிடிப்பது? நான் பார்த்துக்கொண்டே நடந்தேன். தாண்டியும் போய்விட்டேன்.

"அண்ணி!"

எங்கள் பேச்சில். உரக்க.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம். அவனைத் திரும்பிப் பார்ப்பதற்கு முன்னால் யார் கேட்டார்கள் என்று சுற்றிலும் பார்த்தேன்.

இதைக் கேட்கிறவர்களுக்கு என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு நான்கு வயதாக இருக்கும்போது அவர் டோக்கியோ பக்கம் சாலை போடும் வேலைக்குப் போனார். அங்கே பெரிய பூகம்பம் வந்தது. ஊர் எரிந்தது. கிணற்றில் விஷம் போட்டது கொரியாக்காரன், தீ வைத்தது கொரியாக்காரன் என்று பேச்சுக் கிளம்பியது. மூங்கில் ஈட்டியோடு தெருமுனையில் நின்று, போகிற வருகிறவர்களைப் பேசச் சொன்னார்கள். நாக்குத் தடுமாறியவர்களை அங்கேயே குத்தினார்கள். அப்பாவின் நாக்கும் துசிக்கின் நாக்கு மாதிரிதான். கூட இருந்த சித்தப்பா ஊமைபோல் நடித்துத் தப்பி வந்தார். எங்கள் வீட்டில் ஊர் எரிந்தால் என்ன செய்யவேண்டும் என்பதற்கு அந்த ஒரு பாடம்தான் உண்டு. வாளி இல்லை, ஊதல் இல்லை. வாயைத் திறக்கக் கூடாது.

படித்துறையின் கடைசிப் படியில், கால்கள் தண்ணீரில் கிடக்க, அவன் கிடந்தான். மார்பும் முகமும் வெந்து, கண் இருந்த இடத்தில் இரண்டு கோடு. தோளை வைத்துத்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது, வண்டிச் சத்தத்தை வைத்து அவனுக்கு. பக்கத்திலேயே அவன் கும்பலில் இருந்த இன்னொருவன், "ஐகோ, ஐகோ" என்று எங்கள் ஊர் ஒப்பாரியை முனகிக்கொண்டிருந்தான். மேலிருந்து இரண்டு சிப்பாய்கள் ஆள் பொறுக்கிக்கொண்டே இறங்கி வந்தார்கள். முனகிக்கொண்டிருந்தவனிடம் ஒருவர் குனிந்தார், கேட்டார், நிமிர்ந்தார், அவனைத் தாண்டிக் கால் வைத்து அடுத்தவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இவன் பிழைக்க மாட்டான் என்று விட்டாரா, கொரியப் பேச்சு என்பதால் விட்டாரா, எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. அப்போது நான் பயப்பட அது போதுமானதாக இருந்தது.

துசிக்கின் காதில், காது என்று மிச்சமிருந்ததில், வாயை வைத்தேன். "துசிக்கா, அண்ணிதான்டா. உன்னப் படகுல ஏத்தப் போறேன். கேட்டுக்க. வாயத் திறக்காத. அம்மான்னு கூப்பிடாத. ஐகோன்னு அழாத. யாரு என்ன கேட்டாலும் பதில் சொல்லாத. நான் வந்து கூப்பிடற வரைக்கும் ஒரு சத்தம் வரக்கூடாது. புரியுதா?"

"அண்ணி, எரியுது அண்ணி."

"எரியும். வாய மூடிக்கிட்டு எரியட்டும்."

கல்நெஞ்சுக்காரி என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள் மறுபடி வந்தாலும் அதையேதான் சொல்வேன்.

அவன் கும்பல்காரனிடமும் குனிந்து அதையே சொன்னேன். அவன் கேட்டானோ என்னவோ, சத்தம் நின்றுவிட்டது. துசிக்கை முதுகில் ஏற்றிப் படியேறினேன். என் முதுகில் இருந்த கண்ணாடியெல்லாம் அவன் பாரத்தில் இன்னும் உள்ளே போனது. அவன் மார்பின் ஈரம் என் சட்டையோடு ஒட்டிக்கொண்டு, வண்டியில் இறக்கியபோது பிசின்போல் பிய்ந்து வந்தது. அவன் கத்தவில்லை. பல்லைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கமேதானி அம்மாள் நகர்ந்து இடம் விட்டாள். அவன் யார் என்று அவளுக்குத் தெரியும். ரேஷன் வரிசையில் அவன் பேச்சைக் கேட்டுத் தெரு முழுக்கச் சிரித்ததில் அவளும் உண்டு. வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்தாள். அவள் அந்த வாயை எப்போது திறப்பாள் என்பது என் இரண்டாவது பயம்.

சாலை ஓரம் எரிந்துகொண்டிருந்த டிராம் ஒன்றைச் சுற்றி வந்தபோது ஒரு ஆள் குறுக்கே நின்றான். ஊர்க்காவல் தொப்பி. தீப்பிடித்த கூரையைப் பிடுங்க வைத்திருக்கும் நீளக் கொக்கிக் கம்பைக் கையில் பிடித்திருந்தான். மண்டை பிளந்து ரத்தம் ஒரு கண்ணை மூடியிருந்தது.

"நில்லு! கொரியாக்காரங்கதான் கண்ணாடி காட்டி விமானத்தக் கூப்பிட்டிருக்கானுங்க. வண்டில யாரு?"

 எந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தேனோ அந்தக் கதையே கம்பைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்து நின்றது. "யாரா இருந்தா ஒனக்கென்னய்யா? வழிய விடு!" என்று சுத்தமான அந்த ஊர்ப் பேச்சில் கத்தினேன். பேச்சு பலித்தது. அவன் என்னைச் சந்தேகப்படவில்லை. ஆனால் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, கம்பால் துசிக்கின் தோளைக் குத்தினான். "டேய். பேசு. பேரு சொல்லு." இன்னொரு குத்து. வெந்த சதையில் கொக்கி மாட்டி இழுத்தது. துசிக்கின் உடம்பு வில்லாக வளைந்தது. வாய் திறக்கவில்லை.

அகப்பையை எடுத்து அந்த ஆளின் மண்டையில் அடித்தேன். பன்றியை அடித்த அதே அடி. அவன் மண்டியிட்டு விழுந்தான். இரண்டாவது அடிக்கு ஓங்கியபோது அவன் முதுகு தெரிந்தது. சட்டையும் இல்லை, தோலும் இல்லை, விலா எலும்பு ஏறி இறங்குவது தெரிந்தது. அவன் எழுந்து அடிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "எம் பொண்ணு உள்ள இருக்கா. இழுத்தேன், வரல. கம்ப மாட்டி இழுத்தேன், வரல" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கொக்கியில் மாட்டியிருந்த பூப்போட்ட துணியை அப்போதுதான் கவனித்தேன்.

என்ன செய்வது? தீ இரண்டு பக்கமும் நெருங்கிக்கொண்டிருந்தது. அகப்பையைத் தாழ்த்தினேன். "எந்திரிங்க. பின்னாலேருந்து தள்ளுங்க. படகுக்குப் போவோம்" என்றேன். அவன் எழுந்து தள்ளினான். நல்ல பலசாலி. கொரியாக்காரனைக் கொல்லத் தேடிய ஆள் கொரியாக்காரன் படுத்திருந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். நான் முன்னால் இழுத்தேன். வண்டிக்குள் ஒரு சத்தம் வந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் என் உயிர் போய் வந்தது. துசிக் ஒரு தடவைகூட முனகவில்லை. இவ்வளவு நல்ல பிள்ளையாக அவன் இருந்திருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

படகுத்துறைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது பின்னால் ஆள் இல்லை. தண்ணீரைக் கண்டதும் நேரே இறங்கியிருக்கிறான். முகத்தை ஆற்றில் வைத்துக் குடித்தான், குடித்தபடியே மிதந்துபோனான். அவன் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை.

தட்டைப் படகு ஒன்று கரையில் முட்டி நின்றது. ஒரு இளம் சிப்பாய், கண்கள் சிவந்து, தொண்டை கட்டிய குரலில், "நடக்க முடியாதவங்க மட்டும். பேரு, ஊரு சொல்லுங்க" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார். கமேதானி அம்மாள் தன் பெயரை ஊதல் ஊதுவது மாதிரி சொன்னாள்.

"இவரு?"

"கானேயாமா. என் கொழுந்தன்" என்று எங்களுக்குச் சூட்டப்பட்ட ஜப்பானியக் குடும்பப் பெயரைச் சொன்னேன்.

"அவர சொல்லச் சொல்லுங்க. நெனவு இருக்கான்னு பாக்கணும். நெனவு இல்லாதவங்க அடுத்த படகுல."

அடுத்த படகு எது? கரையில் நினைவில்லாதவர்கள் தனியாக அடுக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் மேல் ஈ மொய்த்தது. சிப்பாய் துசிக்கின் முகத்துக்கு அருகே குனிந்தார். "உங்க பேரு என்ன?" துசிக்கின் உதடு அசைந்தது. பேசினால் ஒன்று, பேசாவிட்டால் இன்னொன்று.  

"அவன் பொறவி ஊமை" என்றாள் கமேதானி அம்மாள். "காதும் கேக்காது. என் சங்கத்து ஆளு, எனக்குத் தெரியாதா? நெனவெல்லாம் இருக்கு. கால அமுக்கிப் பாருங்க, இழுத்துக்குவான். வெயில்ல போட்டு வச்சுக் கேள்வி கேக்குறீங்களே, தூக்குங்க!"

சிப்பாய் காலை அமுக்கினார். துசிக் இழுத்துக்கொண்டான். தூக்கினார்கள்.

நான் அவள் பக்கம் குனிந்தேன். நன்றி என்று தொடங்குவதற்குள் அவளே, "படித்துறையில நீ அவன் காதுல குனிஞ்சத வண்டிலேருந்து பாத்தேன். உங்க பேச்சு எனக்குப் புரியாது. ஆனா நீ என்ன சொல்லியிருப்பேன்னு புரியாம இருக்குமா?" என்றாள். பிறகு, "தள்ளி நில்லு. பூண்டு நாத்தம் தாங்கல" என்றாள். படகு பின்வாங்கியது. நடக்க முடிந்தவள் என்பதால் நான் கரையில் நின்றேன்.

அன்றைக்கு மிச்சப் பொழுதும், மறுநாளும், வண்டியோடு அலைந்தேன். தூக்க முடிந்தவர்களைத் தூக்கிப் படகுத்துறையில் கொண்டுபோய் இறக்கினேன். யாரென்று பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரிந்திருக்காது. ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாரைத் தூக்கும்போது அவர், "மன்னிக்கணும், உங்க உடுப்பு அழுக்காகுது" என்றார், வண்டியில் வைப்பதற்குள் இறந்தார். ஒரு பெண்ணின் மார்பிலிருந்து செத்த குழந்தையைப் பிரிக்க முடியாமல் இரண்டு பேரையும் சேர்த்தே ஏற்றினேன். யாராவது எங்கள் பேச்சில் முனகினால் மட்டும் நின்று, காதருகே குனிந்து, துசிக்கிடம் சொன்னதையே சொன்னேன். வாயைத் திறக்காதே. அம்மா என்று கூப்பிடாதே. நிறையப் பேர் இருந்தார்கள். அந்த ஊரில் எங்கள் ஆட்கள் அவ்வளவு பேர் இருந்தார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சொன்னதும் ஒவ்வொருவராக அடங்கிப் போனார்கள். எல்லார் வீட்டிலும் அந்த ஒரு பாடம் இருந்திருக்கிறது.

அதற்கடுத்த நாள், தீவில் கஞ்சி ஊற்றவும் பிணம் தூக்கவும் ஆள் வேண்டும் என்று படகுத்துறையில் கேட்டார்கள். தமாகோ என்று பெயர் சொல்லி ஏறிக்கொண்டேன்.

நீளமான மரக்கூடங்கள். தரையில் இடைவெளி இல்லாமல் பாயும் வைக்கோலும் போட்டு ஆட்களைக் கிடத்தியிருந்தார்கள். சீழ் நாற்றம் வாசலிலேயே நெஞ்சில் அடித்தது. முகங்களில் வெள்ளையாக மருந்துக்களிம்பு அப்பியிருந்தது, அதற்குள் புழு நெளிந்தது. ஒரு தாதிப் பெண் இடுக்கியால் புழுவை எடுத்துத் தகர டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாகத் தூங்காத முகம். கமேதானி அம்மாளைக் கேட்டேன்.

"எல்லாரையும் அதட்டிக்கிட்டே இருந்தாங்களே, அவங்களா? நேத்துக் காலையில போயிட்டாங்க."

"கூட ஒரு ஊமைப் பையன் வந்திருப்பான். தோள் நல்லா அகலமா."

அவள் இடுக்கியால் கூடத்தைக் காட்டினாள். "இங்க பாதிப் பேரு பேசறதில்லக்கா. கஞ்சி வேணுமான்னு கேட்டாக்கூட வாயத் திறக்கறதில்ல. வலிக்குதான்னு கேட்டாலும் இல்ல. தண்ணி கேட்டு அழறவங்களத்தான் நாங்க கவனிக்க முடியுது. சத்தமே போடாதவங்கள, சில சமயம்..." சன்னல் பக்கம் பார்த்தாள். சன்னலுக்கு வெளியே பிணங்களை விறகோடு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "இதுக்கப்புறம் இந்த வரிசையப் பாக்கணும். மூச்சு இருக்கா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது."

 வரிசை வரிசையாகப் பார்த்தேன். தோளைப் பார்த்தேன், எல்லாத் தோளும் ஊதியிருந்தது. "கானேயாமா!" என்று கூப்பிட்டேன். யாரும் திரும்பவில்லை. அவன் ஏன் திரும்புவான்? யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லாதே என்று சொன்னவள் நான்தானே. சொன்னபடி கேட்கிற பிள்ளை. ஒவ்வொரு காதாகக் குனிந்து எங்கள் பேச்சில் ரகசியமாக, "துசிக்கா?" என்றேன். ஒரு கிழவர் புரியாமல் என்னை வெறித்தார். கண் வீங்கி மூடிய ஒரு பெண், "தம்பி, வந்துட்டியா?" என்று ஜப்பானியப் பேச்சில் என் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். பிரித்துக்கொண்டு அடுத்தவரிடம் போனேன். அவர் குளிர்ந்திருந்தார். அதற்கடுத்தவரும். கூடத்தின் அந்தக் கோடியில் இரண்டு சிப்பாய்கள் தூக்குக் கட்டிலோடு வந்து, வரிசையின் முதல் ஆளின் மூக்கருகே கை வைத்துப் பார்த்தார்கள். ஒருவர் இடுப்பில் கத்தி தொங்கியது. அடுத்த ஆள். அடுத்த ஆள்.

இப்படி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போனால் அவர்கள் அவனிடம் எனக்கு முன்னால் போய்விடுவார்கள்.

நான் கூடத்தின் நடுவில் நிமிர்ந்து நின்றேன்.  பதினாறு வருஷமாக வீட்டுக்கு வெளியே நான் உரக்கப் பேசியிராத பேச்சில், பலம் கொண்ட மட்டும் கத்தினேன்.

"துசிக்கா! அண்ணி வந்திருக்கேன்டா! வாயத் திற! இனிமே பேசலாம், வாயத் திற!"

கத்தி வைத்திருந்த சிப்பாய் தலையைத் தூக்கினார். தாதிப் பெண்ணின் இடுக்கி அந்தரத்தில் நின்றது. கூடத்தில் ஈயின் சத்தம்தான் கேட்டது.

இடது பக்கம் சுவரோரத்தில் ஒரு பாய் அசைந்தது. எங்கள் பேச்சில் "அண்ணி" என்றது. பெண் குரல். அதற்கு அப்பால், "ஏம்மா, நீ எந்த ஊரு?" என்று ஒரு முதியவரின் குரல். என் காலடியில், செத்துவிட்டார் என்று நான் தாண்டி வந்த ஒருவர், "அம்மா" என்றார். பிறகு பின்னால். பிறகு வாசலோரம். அம்மா, தண்ணி, ஐகோ, நான் ஹாப்சோன், நான் இங்க இருக்கேன், அம்மா, எரியுதும்மா. கூடம் முழுக்க, ஒவ்வொரு வரிசையிலும், வெள்ளைக் களிம்பு அப்பிய கைகள் தரையிலிருந்து எழுந்து நின்றன.

அதில் எது துசிக் என்று தெரியவில்லை. என் முழங்காலில் ஒரு கை பட்டது. உட்கார்ந்து, முதலில் அதைப் பிடித்துக்கொண்டேன்.